கட்டியில்லாப் புற்று
(கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கல்வியைக் குறித்து நாம் பேசுவோம் என்று பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு நோயைப் பற்றியது. தலைமையாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வியக்கவும் கூடும். நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். இளங்கலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து வருகின்றோம். எனினும், ஒரு செய்தியை உரிய வேளையில் அறியாமையால் ஓர் உயிர் போகுமெனில், அந்தச் செய்தியைச் சொல்லுவதும் ஆசிரியர் கடமையே. மருத்துவ நூல்களைப் படித்தும், மருத்துவர்களைக் கேட்டும் தெளிந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துரைக்கின்றோம்.

மார்பகப் புற்றுநோய் என்றதும் நம் மக்களின் நினைவுக்கு வருவது கட்டி. 'கையால் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள்' என்று சுவரொட்டிகளும் வானொலியும் செவிலியரும் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். நல்ல அறிவுரை அது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோயே ஆதலின், அதனை இன்னும் உரக்கச் சொல்லவேண்டும். ஆனால் அவ்வறிவுரைக்குள் அடங்காத வகை ஒன்றும் உண்டு. அதில் பெரும்பாலும் கட்டி தட்டுப்படுவதில்லை. கட்டி இல்லையே என்று பெண் அமைதியாக இருக்கும்போதே நோய் முற்றிவிடுகின்றது. மருத்துவர்கள் இதனை இன்ஃப்ளமேட்டரி வகை என்பர். தமிழில் அழற்சி மார்பகப் புற்றுநோய் எனலாம்.

அமெரிக்க நாட்டுக் கணக்கின்படி, மார்பகப் புற்றுநோய் கண்ட நூறு பேரில் ஒருவர் முதல் ஐவர் வரையே இவ்வகைக்கு ஆளாகின்றனர். அரிதாக வரும் நோய்தான். ஆயினும், மார்பகப் புற்றுநோய்களுள் மிக விரைந்து பரவுவனவற்றுள் இதுவும் ஒன்று. மற்ற வகைகளைக் காட்டிலும் இளைய வயதிலேயே இது தோன்றக் காண்கின்றோம். பாலூட்டும் தாயருக்கும் வரலாம்; கருவுற்றிருக்கையிலும் வரலாம். அரிதாக ஆண்களுக்கும் வருவதுண்டு.

இதன் அடையாளங்களை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்து மார்பகம் சில நாள்களிலோ சில வாரங்களிலோ பருத்துக் கனக்கும். நேற்றுவரை சரியாக இருந்த இரவிக்கை ஒரு பக்கம் மட்டும் இறுகும். தொட்டால் சூடு தெரியும். தோல் தடித்து, மயிர்க்கால்கள் குழிந்து, சாத்துக்குடிப் பழத்தின் தோலைப்போலப் புள்ளி புள்ளியாகக் காணும். நிறம் மாறும், அம்மாற்றம் மார்பகத்தின் மூன்றில் ஒரு பங்குக்கேனும் பரவி நிற்கும். காம்பு உள்ளிழுத்துத் தட்டையாகலாம். வலியோ, எரிச்சலோ, அரிப்போ இருக்கலாம். அக்குளில் நெறி கட்டலாம். இவை அனைத்தும் ஒருத்திக்கே வரவேண்டும் என்பதில்லை. ஆனால் இவை விரைவாகத் தோன்றுவதே இந்நோயின் இயல்பு. தொடங்கிய நாளிலிருந்து ஆறு திங்களுக்குள் இவ்வளவும் நிகழ்ந்திருந்தால்தான் மருத்துவர்கள் இதனை இவ்வகை எனக் கொள்வர்.

இங்கே நம் மக்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 'மார்பகம் சிவக்கும்' என்றே நூல்கள் எழுதும். படங்களும் செக்கச் சிவந்த தோலையே காட்டும். அவை பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை; வெள்ளைத் தோலையே படம் பிடித்தவை. வெயிலில் உழைக்கும் நம் பெண்களின் கருந்தோலில் அந்தச் சிவப்பு அவ்வாறு தோன்றாது. கருஞ்சிவப்பாகவோ, கத்தரிப்பூ நிறமாகவோ, பழுப்பாகவோ, முன்னினும் கறுத்தோ காணலாம். சில வேளை நிறமாற்றம் கண்ணுக்கே புலப்படாமலும் போகலாம். எனவே சிவப்பைத் தேடிக்கொண்டிராமல், வீக்கம், சூடு, கனம், தோல் தடிப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அமெரிக்க நாட்டில் இந்நோய் வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு மிகுதியாக வருகின்றது. நோய் கண்டபின் அவர்கள் பிழைத்திருக்கும் காலமும் குறைவு. அங்குள்ள மருத்துவர்களே, கருந்தோலில் இந்நோயைக் கண்டறியும் பயிற்சி போதவில்லை என்று இப்போது எழுதி வருகின்றனர். நம் தோலின் நிறம் குறித்து நாணுவதற்கு ஒன்றுமில்லை. அந்தத் தோலில் நோய் எவ்வாறு தெரியும் என்பதை அறியாதிருத்தலே கேடு.

கட்டியில்லாமல் வீக்கம் வருவது எவ்வாறு? நம் உடலில் குருதிக் குழாய்கள் இருப்பதுபோலவே நிணநீர் செல்லும் நுண்ணிய நாளங்களும் உள்ளன. தோலுக்கடியில் உள்ள அந்நாளங்களில் புற்றணுக்கள் புகுந்து அடைத்துக்கொள்கின்றன. வயலின் வடிகால் அடைபட்டால் நீர் தேங்கி வரப்பு ஊறிப்போவதைக் கண்டவர்கள் நாம். அதுபோலவே இங்கும் நிணநீர் வடிய வழியின்றித் தேங்குகின்றது. தோல் ஊறித் தடிக்கின்றது. புற்றணுக்கள் ஓரிடத்தில் திரளாமல் வலைபோலப் பரவியிருத்தலால் விரலுக்குக் கட்டி அகப்படுவதில்லை. மேமோகிராம் என்னும் மார்பகக் கதிர்ப்படத்தில்கூடச் சில வேளை இது தெளிவாகத் தெரியாமற் போவதுண்டு.

அழற்சி என்னும் பெயரும் நம்மை ஏமாற்றக்கூடியதே. கிருமியால் வரும் அழற்சி அன்று இது. இங்கிலாந்தில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சார்லஸ் பெல் என்பார், மார்பகத் தோலில் ஊதாநிறம் படர்ந்து வலியும் தோன்றுமாயின் அது நல்ல குறியன்று என 1814ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். நியூயார்க் நகர மெமோரியல் மருத்துவமனையில் பணியாற்றிய லீ, டானன்பாம் என்னும் இருவர், 28 நோயாளரை ஆராய்ந்து 1924இல் வெளியிட்ட கட்டுரையில் அழற்சிப் புற்று என்னும் பெயரை வழங்கினர். பார்வைக்கு அழற்சிபோல இருப்பதனாலேயே அப்பெயர் நிலைத்தது. கிருமி காரணமன்று ஆதலின், கிருமிக்கொல்லி மருந்துகள் இதனைக் குணப்படுத்த மாட்டா. இந்நோயில் காய்ச்சலும் பெரும்பாலும் இராது.

நம் ஊர்களில் இது எவ்வெப் பெயரில் மறைந்து நிற்கின்றது என்பதைப் பார்ப்போம். கைக்குழந்தை உள்ளவளாயின் 'பால் கட்டிக்கொண்டது' என்பார்கள். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். தோல் தடித்து எரிந்தால் 'அக்கி' என்பார்கள். காவி குழைத்து அக்கி எழுதுவிப்பார்கள். வெயில் சூடு என்றோ, பூச்சிக்கடி என்றோ, கண்ணேறு என்றோ சொல்லி நாள் கடத்துவார்கள். பால் கட்டுவதும் சீழ்க்கட்டியும் உண்மையிலேயே வரக்கூடியவைதாம். பாலூட்டும் தாயின் மார்பகம் வீங்கினால் பெரும்பாலும் அவையே காரணம். ஆதலால் வீங்கிய மார்பகமெல்லாம் புற்று என்று யாரும் அஞ்சவேண்டா. எளிய நோய் மருந்துக்கு அடங்கும், இந்நோய் அடங்காது. இந்த வேறுபாட்டை நாள் கணக்கில் அறிந்துகொள்ளலாம்.

நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி. கட்டட வேலைக்குச் சென்றுவந்தவள். இரண்டாம் குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது இடப்பக்க மார்பகம் வீங்கிற்று. மாமியார் மல்லிகைப்பூ கட்டினார். அடங்கவில்லை, அக்கி எழுதினர். பின்னர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினாள். அதன்பின் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றாள். அங்கே அவளை எட்ட நிறுத்தியே கேள்வி கேட்டு, மேலாடையை விலக்கிப் பாராமலே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தனர். பத்து நாள் கழித்துச் சென்றபோது அதே மருந்து. மீண்டும் சென்றபோது வேறொரு மருந்து. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. மூன்று மாதம் கடந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அவளை அழைத்துச் சென்றபோது, ஓர் இளம் பெண் மருத்துவர் தொட்டுப் பார்த்தார், அக்குளைத் தடவினார், அன்றே தோலில் சிறு துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். முடிவு வருமுன் நோய் எலும்புக்குச் சென்றிருந்தது. அதன்பின் இரண்டாண்டு இருந்தாள். மருத்துவத்தால் கிடைத்த ஆண்டுகள் அவை. குழந்தை அவளை அம்மா என்று அழைத்து ஓடிவரும் வரை இருந்தாள். அந்த மூன்று மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் அவள் நிச்சயம் பிழைத்திருப்பாள் என்று சொல்ல யாராலும் இயலாது. பிழைப்பதற்குரிய வாய்ப்பு பெரிதாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம். அந்த வாய்ப்பு அவளுக்கு உரியது. அவளிடமிருந்து அது பறிபோயிற்று.

ஆகவே நம் பெண்களுக்குச் சொல்லுகின்றோம். மருத்துவரிடம் சென்றால் தொட்டுப் பார்க்கும்படி கேளுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமெனினும், பெண் செவிலியர் உடனிருக்க வேண்டுமெனினும் தயங்காமல் கேளுங்கள். தொடாமல் அறியத்தக்க நோயன்று இது. தொட்டுப் பார்க்கப்படுவது நோயாளியின் உரிமை. எவரும் செய்யும் சலுகை அன்று.

இனி அந்த நாள் கணக்கு. மார்பகம் வீங்கிச் சூடாக இருக்கின்றது. மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கின்றார். சரியான நோயாயின் சில நாள்களிலேயே குறையத் தொடங்கும். ஏழு முதல் பத்து நாள்களுக்குள் தெளிவாகக் குறையவில்லையெனில், இரண்டாம் முறை அதே மருந்தை வாங்கி உண்ணுவதோடு நின்றுவிடலாகாது. 'திசு ஆய்வு செய்து பாருங்கள்' என்று கேட்கவேண்டும். பாலூட்டாத பெண்ணுக்கு, அதிலும் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு, இத்தகைய வீக்கம் வந்தால் ஐயம் இன்னும் மிகுதல் வேண்டும். வீக்கம் தொடங்கிய நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 'கொஞ்ச நாளாக' என்று சொல்வதைக் காட்டிலும், 'தை மாதம் பத்தாம் நாள் தொடங்கியது' என்று சொன்னால் மருத்துவர் செவி சாய்ப்பார். நோயை வகைப்படுத்தவும் அந்நாள் அவருக்குத் துணைசெய்யும்.

திசு ஆய்வு என்பதைப் பயாப்ஸி என்பர். மரத்துப்போக ஊசி போட்டு, தோலிலும் உள்ளிருக்கும் திசுவிலும் சிறு துணுக்கு எடுத்து, நுண்ணோக்கியால் பார்க்கும் முறை அது. 'கத்தி பட்டால் புற்று பரவிவிடும்' என்னும் அச்சம் நம் தெருக்களில் ஆழ வேரூன்றியுள்ளது. ஆய்வுக்காகத் துணுக்கு எடுப்பதனால் புற்று பரவுகின்றது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆய்வு செய்யாமல் விட்டதனால் பரவியதே மெய். எந்த மருந்து பயன்படும் என்பதையும் அந்தத் துணுக்கே சொல்லும். ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்துள்ள புற்றாயின் அதற்கென்றே மருந்து உண்டு.

மருத்துவத்தின் வரிசையையும் அறிந்திருத்தல் நலம். இந்நோய் கண்டறியப்படும்போதே குறைந்தது மூன்றாம் கட்டத்தில் இருக்கும். ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு அப்போதே தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியிருக்கும். பரவாத நிலையில், முதலில் கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை. அதனால் வீக்கம் அடங்கியபின் அறுவை. அதன்பின் கதிர்ச் சிகிச்சை. 'உடனே அறுத்து எடுத்துவிடுங்கள்' என்று வீட்டார் வற்புறுத்துவது பிழை. அறுவையை மட்டும் நம்பியிருந்த பழங்காலத்தில், நூற்றுக்கு ஐவர்கூட ஐந்தாண்டு உயிரோடிருந்ததில்லை. மூன்று சிகிச்சைகளையும் முறையாக இணைத்துச் செய்யும் இக்காலத்தில், அமெரிக்கக் கணக்கின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் ஐந்தாண்டைக் கடக்கின்றனர். தொலைவில் பரவுமுன் கண்டறியப்பட்டவர்களுள் பாதிப்பேர் கடக்கின்றனர். சிகிச்சை முடிய ஓராண்டளவும் ஆகலாம். முடி உதிரும், வாந்தி வரும், உடல் சோரும். வீக்கம் வற்றிவிட்டது என்று பாதியில் நிறுத்துவது, கரையேறும் இடத்தில் படகை விட்டுக் குதிப்பதற்கு ஒப்பாகும்.

எங்கே செல்வது? சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் நிலையம் 1954இல் தொடங்கப்பட்டது. அதனைத் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், சமூகம் இழித்துப் பேசிய குலத்தில் பிறந்த ஒரு தாயின் மகள். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரே அந்நிலையத்துக்கு வித்தாயிற்று. அங்கே 1955 முதல் தம் வாழ்நாள் முழுதும் பணியாற்றி 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையார், ஏழையர்க்கும் உயர்ந்த சிகிச்சை கிட்டவேண்டும் என்பதையே நோன்பாகக் கொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணா பெயரால் அமைந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் திசு ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் வழி உண்டு. 2012இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். அந்த அட்டை நோய் வந்தபின் தேடவேண்டியதன்று. இன்றே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டியது.

இத்தனையும் இருந்தும் பெண்கள் வாராமல் இருப்பது ஏன்? கூலி ஒரு காரணம்; நாணம் மற்றொரு காரணம். சிலப்பதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகின்றோம். கண்ணகி தன் மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கதையை எல்லாரும் அறிவோம். காப்பியத்தில் கூசாமல் படிக்கும் சொல்லை, மருத்துவர் முன்னே சொல்லக் கூசி உயிரை விடுவது என்ன நாகரிகம்? மகள் தாயிடமும், மனைவி கணவனிடமும், 'எனக்கு மார்பில் வீக்கம்' என்று சொல்லக்கூடிய வீடுகளை நாம் அமைத்தாக வேண்டும். கணவன் அதனைக் கேட்டு முகஞ் சுளிக்காமல், மறுநாள் காலையில் உடன் புறப்பட வேண்டும்.

மூன்றாவது காரணம் ஊரார் ஒதுக்கிவிடுவர் என்னும் அச்சம். புற்றுநோய் தொற்றுநோயன்று. உடனிருந்து உண்பதாலோ, அவள் உடுத்ததைத் துவைப்பதாலோ, அவளைத் தொடுவதாலோ யாருக்கும் வாராது. ஆயினும் சில வீடுகளில் நோயுற்ற பெண்ணுக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைப்பதை நாமே கண்டிருக்கின்றோம். தேநீர்க் கடைகளில் நமக்கெனத் தனிக் குவளை வைத்த கொடுமையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் நாம். அந்தக் குவளையை நம் வீட்டுக்குள்ளேயே, நம் பெண் ஒருத்திக்கு வைக்கலாமா? எண்ணிப் பாருங்கள்.

இளைஞர்களே! இக்கழகம் இருபத்தைந்தாண்டுகளில் பட்டதாரிகளை உருவாக்கியிருக்கின்றது. அப்பட்டங்களின் பயன் தெருவுக்கு வந்து சேரவேண்டும். நாம் கேட்பவை பெரியன அல்ல. தெருவுக்கு இருவராகப் படித்த பெண்கள் முன்வரட்டும்; மருத்துவமனைக்குத் தனியே செல்ல அஞ்சும் தாய்க்கு உடன் செல்லட்டும். சீட்டு வாங்குவதும், மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்வதும், ஆய்வுத் தாள்களை ஓர் உறையில் இட்டுக் காப்பதும் அவர்கள் பணியாகட்டும். ஆண் பிள்ளைகள் கிராம சுகாதார செவிலியரை அழைத்து, மாதம் ஒரு மாலை நம் இரவுப் பாடசாலையில் பெண்களுக்குப் பேச ஏற்பாடு செய்யட்டும். கழகத்தின் நிதியில் ஒரு சிறு பகுதி, சோதனைக்குச் செல்லும் பெண்ணின் பேருந்துச் செலவுக்கும் அன்றைய கூலிக்கும் ஒதுக்கப்படட்டும். ஒரு நாள் கூலியே ஓர் உயிருக்கும் மருத்துவமனைக்கும் இடையே நிற்கின்றது எனில், அந்தக் கூலியைக் கொடுக்க இயலாத நிலையில் நம் கழகம் இன்று இல்லை. இதனைப் பொருளாளர் அவர்களின் முன்னிலையிலேயே சொல்லுகின்றோம். அவர் தலையசைப்பதையும் காண்கின்றோம்.

தாய்மார்களே! இவ்வளவும் நினைவில் நிற்காவிடினும் மூன்றை மட்டும் கொண்டு செல்லுங்கள். கட்டி இல்லாமலும் மார்பகப் புற்று வரும். நம் தோலில் சிவப்பைத் தேடாதீர்கள். வீக்கத்தையும் சூட்டையும் தடிப்பையும் பாருங்கள். மருந்து உண்டும் பத்து நாளில் குறையாவிடில் திசு ஆய்வு கேளுங்கள். இன்றிரவு வீடு திரும்பியதும், இக்கூட்டத்துக்கு வர இயலாத ஒரு பெண்ணிடமேனும் இம்மூன்றையும் சொல்லுங்கள்.